மக்காச்சோளத்தில் இலைச் சேதமும் மணி மகசூலும்

2018-ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்துச் சிவமொக்காப் பகுதியில் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டது. அவ்வாண்டே தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களிலும் அது புகுந்தது. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகும் தானியமாதலால் சேலம், நாமக்கல் ஜில்லா அங்கத்தினர்களுக்கு இது சாமானிய விஷயமன்று. சங்கத் தணிக்கைக்காக நாம் செல்லும் ஊர்களில், இலை கந்தலானதும் பயிரை உழுதுவிட்டு மறு விதைப்புக்குக் கடன் கேட்போரைக் காண்கிறோம். கதிர் முற்றுமுன் மாட்டுக்கென இலையை அறுப்போரும் உண்டு. எவ்வளவு இலை போயிற்று என்பதைவிட எப்பருவத்தில் போயிற்று என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஐந்தாறு இலை விடும் வரையில் செடியின் வளர்முனை மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆதலால் மேலிலைகள் கிழிந்தாலும் செடி மீண்டும் துளிர்க்கும். அமெரிக்காவில் ஆலங்கட்டி மழைச் சேதத்துக்குப் பயிர் இன்ஷூரன்ஸ் கணக்கிடும் அட்டவணைப்படி, ஏழிலைப் பருவத்தில் இலை முழுவதும் போனாலும் மகசூலில் நூற்றுக்கு 9 பங்கே குறையும். ஆண்பூ வெளிவரும் சமயத்திலோ, முழு இலையும் போனால் மகசூலும் அடியோடு போம். பாதி இலை போனால் 31 பங்கு குறையும். மணி பால் பிடிக்கையில் முழுவதும் போனால் நஷ்டம் 59 பங்கு.

பூத்தபின் புதிய இலை வராது. மணிக்கு வேண்டிய சத்தை எஞ்சிய இலைகளே, முக்கியமாகக் கதிரையொட்டிய இலையும் அதற்கு மேலுள்ளவையுமே, தயாரிக்க வேண்டும். நெசவாள அங்கத்தினர்களுக்குச் சொல்வதானால், பாவு பூட்டிய பின் ஊடை நூல் தீர்ந்த தறியின் கதிதான். செடி தன் தண்டிலுள்ள சத்தையும் கதிருக்குக் கொடுத்துப் பார்க்கும். அதனால் தண்டு வலுவிழந்து காற்றில் சாய்வதுமுண்டு.

ஆயினும் ஆலங்கட்டிக் கணக்கைப் புழுவுக்கு அப்படியே பொருத்தலாகாது. குருத்துக்குள் புகுந்த புழு வளர்முனையைத் தின்றுவிட்டால் அச்செடி தேறாது. ஆகவே இளம் பயிர் சேதமுற்றால் ஒரு வாரம் பொறுத்து, வயலில் ஆங்காங்கே சில செடிகளைப் பிடுங்கித் தண்டை நெடுக்காகப் பிளந்து பார்க்க வேண்டும். வளர்முனை வெண்மையாகவும் உறுதியாகவும் இருப்பின் பயிருக்கு உயிருண்டு. ஏரைப் பூட்ட வேண்டுவதில்லை. பழுத்து அழுகியிருந்தால் மறு விதைப்பைப் பற்றி யோசிக்கலாம்.

மாட்டுத் தீவனத்துக்கு இலை அறுப்போர், கதிரிலிருந்து பெயர்த்த மணியின் அடிநுனியை நகத்தால் கீறிப் பார்க்கட்டும். கரும்படலம் தெரிந்தால் மணி முற்றிவிட்டது. அதன்பின் அறுப்பதால் மகசூல் குறையாது. அதற்குள் இலை வெளுத்து மாடு முகஞ்சுளிக்கும் என்பது மெய்தான். பசுந்தீவனத்துக்கெனத் தனியே ஒரு துண்டு நிலத்தில் தீவனச் சோளம் விதைத்துக்கொள்வது இதற்கு நல்ல வழி.