வால்வை இயக்கும் மின்பொறியின் எல்லையும் தடையும்

ஏற்றுநீர்ப்பாசனத்தில் தலைக்குழாயின் வால்வைக் கைச்சில்லினாற் சுற்றித் திறப்பதற்குப் பதிலாக, மின்மோட்டர் பூட்டிய பொறியினால் திறந்து மூடுவதும் உண்டு. தண்டு இறுகியதும் மனிதனின் கை தானே நின்றுவிடும். மோட்டருக்கு அவ்வுணர்வு இல்லை. எங்கே நிற்கவேண்டுமென்பதை அதற்கு அமைத்துக் கொடுத்தல் வேண்டும். அமைப்புப் பிழைத்தால் ஒன்றில் வால்வு முற்றாக மூடாது நீர் ஒழுகும். அன்றேல் தண்டு வளைந்து, பயிர் கதிர்விடும் நாட்களில் வயலுக்கு நீரின்றிப் போகும்.

நிறுத்துவதற்கென இரண்டு ஆளிகள் உள. எல்லை ஆளி, தண்டு குறித்த சுற்றுக்களை முடித்ததும் மின்னை நிறுத்தும். முறுக்கு ஆளி, தண்டைத் திருப்பும் விசை குறித்த அளவை மீறியதும் நிறுத்தும். கல்லோ மரத்துண்டோ இடையில் அகப்பட்டால் பொறியைக் காப்பதும் இதுவே. ஆப்பு வடிவான கதவையுடைய வால்வு இருக்கையில் இறுகினாலன்றி நீர் அடைபடாது. ஆகவே, மூடும்போது முறுக்கு ஆளியும் திறக்கும்போது எல்லை ஆளியும் நிறுத்துமாறு அமைத்தல் வழக்கம். 90 பாகை மாத்திரம் திரும்பும் வண்ணத்துப்பூச்சி வால்விலோ பெரும்பாலும் இரு பக்கமும் எல்லை ஆளியே நிறுத்தும்.

மின் நின்ற கணத்தில் மோட்டர் நிற்பதில்லை. நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டர், பல்லுச்சில்லுகளால் தண்டை 36 சுற்றுத் திருப்புவதாகக் கொள்வோம். தண்டின் ஒரு சுற்றுக்குக் கதவு 6 மி.மீ. நகருமாயின், மின் நின்றபின் மோட்டர் 10 சுற்று ஓடினாலும் கதவு 1.5 மி.மீ. மேலும் செல்லும். இதனாலேயே, கைச்சில்லினால் முழுவதும் திறந்து, சிறிது பின்னோக்கிச் சுற்றிய பின்னர் திறப்பு எல்லையை அமைப்பர்.

இவ்வோட்டத்தைக் குறைப்பது பிரேக்கு. மின் உள்ளபோது காந்தம் அதனை விடுவிக்கும். மின் அற்றதும் வில் அழுத்திப் பிடிக்கும். மின்தடையின்போதும் அது பிடிப்பதால், நீரின் தள்ளுதலால் வால்வு தானே திரும்பாது. பிரேக்கின் தேய்வை அறிய ஓர் எளிய வழி உண்டு: தண்டு நிற்குமிடத்தில் ஒரு கோடு இட்டு வைத்து, ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க. கோட்டைத் தாண்டி நின்றால் பிரேக்கைச் சோதிப்பித்தல் வேண்டும்.

வேகமாக மூடும் பொறி நல்லதென எண்ணுதல் தவறு. மொஸ்கோவில் 1897, 1898ஆம் ஆண்டுகளில் ஜூக்கோவ்ஸ்கி என்னும் அறிஞர், ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினாற் குழாயில் எழும் அமுக்கத்தை ஆராய்ந்தார். உருக்குக் குழாயில் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால், ஏறக்குறைய 100 மீற்றர் உயர நீரின் அமுக்கம் மேலதிகமாக எழும். கதவு வால்வில், மூடுதலின் கடைசிப் பகுதியிலேயே நீரோட்டம் பெரிதும் குறைவதால் அங்கேதான் ஆபத்து.

எல்லாவற்றிலும் கூடிய கவனம் வேண்டியது மின்கம்பி திருத்தப்பட்ட மறுநாளிலாகும். மூவவத்தை மின்னின் இரு கம்பிகள் இடம் மாறினால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுழலும். ‘திற’ என்றால் மூடும். அப்பொழுது மூடும் பக்கத்து ஆளிகள் அதனை நிறுத்தா, திறக்கும் பக்கத்து ஆளிகளே சுற்றில் இருக்கும். சில புதிய பொறிகள் இதனைத் தாமே திருத்திக்கொள்ளும், பழையன திருத்தா. ஆதலால், முதலில் மின்னைத் துண்டித்து, கைச்சில்லினால் வால்வை நடுவிற் கொண்டுவருக. பின்னர் மின்னைக் கொடுத்து ‘திற’ பொத்தானை ஒரு கணம் மாத்திரம் அழுத்துக. தண்டு மூடும் பக்கம் திரும்பினால் உடனே நிறுத்தி, மின்னியலாளரைக் கொண்டு இரு கம்பிகளை மாற்றுவித்தல் வேண்டும். திசை சரியெனக் கண்ட பின்னரே வால்வை எல்லைவரை ஓடவிடலாம்.