முட்டி ஜவ்வு ஆபரேஷன்: காத்திருக்கும் வாரங்களில் செய்ய வேண்டியது

பொங்கல் சமயத்துக் கபடியில் சட்டென்று திரும்பும்போது முட்டிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கிவிட்டால், முன்சிலுவை ஜவ்வு கிழிந்திருக்கலாம். ஸ்கேனில் அது உறுதியானதும், "ஆபரேஷன் வரைக்கும் அசையாம படுத்திரு" என்பார்கள் வீட்டில். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் படுக்கைதான் காலைப் பலவீனமாக்குகிறது.

தொடை ஏன் மெலிகிறது?

முட்டியில் நீர் கோத்தால், தொடையின் முன்தசைக்கு நரம்பு வழியே போகும் தூண்டுதல் குறைகிறது. நாம் இறுக்க நினைத்தாலும் தசை முழுதாக இறுகாது. சில வாரங்களிலேயே தொடை கண்ணுக்குத் தெரியும்படி சூம்பிவிடும். ஆபரேஷன் புது ஜவ்வைத் தரும், தசையைத் தராது. நார்வேயில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் அடிபட்ட கால் தொடையின் பலம் மற்ற காலைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தவர்களுக்கு, இரண்டு ஆண்டுகள் கழித்தும் அந்தக் குறை பெரிதாகவே இருந்தது.

அவசரம் வேண்டாம்

அடிபட்ட முதல் வாரத்திலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு முட்டி விறைத்துப்போவது அதிகம் என்பதை அமெரிக்க மருத்துவர்கள் 1991இலேயே காட்டினார்கள். வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்ட பிறகு செய்வதே நல்லது. 2010இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று விடப்பட்ட 59 பேரில் 23 பேர்தான் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். ஆனால் மீண்டும் கபடிக் களத்தில் இறங்க நினைப்பவருக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படும்.

என்னென்ன பயிற்சிகள்?

முதல் வேலை காலை முழுதாக நீட்டுவது. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அடுத்து, படுத்தபடி குதிகாலை இழுத்து முட்டியை மடக்குவது, காலை நேராகத் தூக்குவது. வீக்கம் குறைந்ததும் நிலைச் சைக்கிள், அரைக் குந்தல், ஒற்றைக்காலில் நிற்பது. இதையெல்லாம் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும். வீடியோவைப் பார்த்துத் தொடங்கக் கூடாது. மறுநாள் முட்டி வீங்கினால் செய்தது அதிகம் என்று அர்த்தம்.

தருமபுரியில் யாரிடம் கேட்பது?

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பார்க்கும்போதே பிசியோதெரபிக்கும் சீட்டு கேளுங்கள். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களிலிருந்து அடிக்கடி பஸ் ஏறி வருவது நடக்காத காரியம். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. உங்களுக்குக் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

யார் காத்திருக்கக் கூடாது?

முட்டி பூட்டியதுபோல் மாட்டிக்கொண்டு நீட்டவே முடியாவிட்டால், குருத்தெலும்பு கிழிந்து இடையில் சிக்கியிருக்கலாம். பாதம் மரத்துப்போனாலோ, சில்லிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.