அறுந்த ரோஜாவைக் கழற்றிவிட்டு வேறு ரோஜா வைக்கலாம்... தெரியுமா?

கொக்கி ஊசியால் பின்னிய, நூறு வருஷப் பழசான ஐரிஷ் குரோஷா லேஸ் காலர் ஒன்று. நடுவில் இருக்கும் ரோஜாவின் இதழ்கள் நைந்து, கிழிந்து தொங்குகின்றன. இனி குப்பைக்குத்தான் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! அந்த ஒரு ரோஜாவை மட்டும் கழற்றி எடுத்து, அதே அளவில் புதிதாக ஒன்று பின்னி, அதே இடத்தில் பொருத்திவிடலாம். பக்கத்து இலை அப்படியே இருக்கும்!

எப்படி என்கிறீர்களா? இந்த லேஸை ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை ஒரே மூச்சில் பின்னுவதில்லை. ரோஜா தனி, ஷாம்ராக் இலை தனி, திராட்சைக் கொத்து தனி. எல்லாவற்றையும் பின்னி முடித்து, வடிவம் வரைந்த துணிமேல் குப்புறக் கவிழ்த்து, ஓட்டுத்தையல் போட்டு நிறுத்துவார்கள். பிறகு நடுவில் உள்ள இடைவெளிகளை வலையாகப் பின்னி இணைப்பார்கள். கடைசியில் ஓட்டுத்தையலைப் பிரித்தால் துணி தனியே வந்துவிடும், லேஸ் முழுசாகக் கையில் நிற்கும்! இதழ்களில் ஒரு புடைப்பு தெரியுமே, அதற்குக் காரணம் உள்ளே ஓடும் தடித்த நூல். அதைச் சுற்றித்தான் பின்னல் ஏறுகிறது.

இவ்வளவு அழகான பொருள் பிறந்தது பஞ்சத்தில் என்பது தெரியுமா? 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்தடுத்த வருஷங்களில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். சோற்றுக்கு வழி தேடிய பெண்களுக்கு கார்க் நகரத்துப் பக்கத்தில் உர்சுலைன் கன்னியாஸ்திரீகள் குரோஷா கற்றுக்கொடுத்தார்கள். வடக்கே, மோனகன் மாவட்டத்துக் கிளோன்ஸ் என்ற சிற்றூரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் அதே வேலையைத் தொடங்கிவைத்தார். பணக்காரர்கள் ஆசைப்பட்டதோ வெனிஸ் நகரத்து ஊசி லேஸ். அதைச் செய்யக் கொள்ளை நாள் பிடிக்கும். குரோஷா ஊசியால் அதே தோற்றத்தைச் சில நாட்களில் கொண்டுவந்துவிட்டார்கள் இந்த ஏழைப் பெண்கள்! 1900-களின் தொடக்கத்தில் பாரிஸ் ஃபேஷன் சீமாட்டிகள் முழுக் கோட்டே ஐரிஷ் குரோஷாவில் அணிந்தார்கள் என்றால் பாருங்களேன்.

குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு பூ சொந்தம். வீட்டுக்கு ஆள் வந்தால் பின்னலை ஒளித்துவைத்துவிடுவார்கள் என்றுகூடக் கதை உண்டு. அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? பல பூக்களுக்கு எழுதிவைத்த செய்முறையே கிடையாது! இன்று அதே பூவை மறுபடி உருவாக்குகிறவர், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பழைய பூவின் பின்பக்கத்தில் ஒவ்வொரு கண்ணியாக எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அச்சில் வந்த மாதிரிகளும் இருக்கின்றன: ரீகோ டெ லா பிராங்ஷார்தியேர் என்ற பெண்மணி 1840-களிலிருந்து போட்ட புத்தகங்கள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் உஷார்! பிரிட்டனில் 'டபுள்' என்று எழுதியிருக்கும் தையலை அமெரிக்காவில் 'சிங்கிள்' என்பார்கள். எந்த ஊர்ப் புத்தகம் என்று பார்க்காமல் பின்னினால் பூ வேறு அளவில் வந்து நிற்கும்.

நூல் விஷயம் இன்னும் ஆச்சரியம். குரோஷா நூலில் எண் ஏற ஏற நூல் மெலியும்! பழைய லேஸுக்கு 80, 100 என்று தேட வேண்டும். ஊசியின் கொக்கி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைவிட ஒரு சங்கதி: பருத்தி நூலைக் காரத்தில் நனைக்கும் முறைக்கு ஜான் மெர்சர் 1850-இல் காப்புரிமை வாங்கினார். நூலை இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் பளபளப்பு வரும் என்பது 1890-களில்தான் ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகவே பஞ்சகாலத்து லேஸில் பளபளக்கும் புது நூலைச் சேர்த்தால், ஒட்டுப்போட்டது பத்தடி தூரத்திலேயே தெரியும்!

சிறு ஓட்டை என்றால் பூவையே மாற்றத் தேவையில்லை. அறுந்த இடத்தைச் சுற்றி வாய் திறந்து நிற்கும் கண்ணிகளை முதலில் மெல்லிய நூலில் கோத்துக் காப்பாற்ற வேண்டும். பிறகு நல்ல நூல் இருக்கும் இடம்வரை பிரித்து, புது நூலைக் கட்டி, விட்டுப்போன தையல்களை மறுபடி போட்டு மூட வேண்டும். தப்பித்தவறிக்கூடக் கத்தரி வைத்து 'ஓரத்தைச் சீர்' பண்ணாதீர்கள். பிரிவது நிற்கவே நிற்காது.

புது நூலைத் தேநீரில் முக்கிப் பழுப்பேற்றும் வித்தையைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேயிலையின் டானின் அமிலத்தன்மை கொண்டது, பருத்தியை மெல்ல மெல்ல அரிக்கும். பிளீச்சோ அதைவிடக் கொடுமை. இன்னொன்று: நல்ல பருத்தி நூல் ஈரத்தில் வலுக்கூடும், ஆனால் நைந்துபோன லேஸ் தண்ணீரின் கனத்திலேயே கிழியும்! கழுவ வேண்டுமென்றால் கொசுவலைத் துண்டின்மேல் பரப்பி, வலையோடு முக்கி, வலையோடு தூக்க வேண்டும். காய்ந்த பிறகு கஞ்சி போட்டு வைக்காதீர்கள். கஞ்சி என்றால் வெள்ளிப்பூச்சிக்குக் கொண்டாட்டம்!

கடைகளில் மீட்டர் கணக்கில் விற்கும் 'குரோஷா' நாடா இயந்திரத்தில் செய்த போலி என்பதாவது தெரியுமா? பழைய குரோஷா என்றால் அது யாரோ ஒருவரின் கைவேலைதான். நம் பக்கத்தில் ஆந்திராவின் நரசாப்பூரில் இன்றும் பெண்கள் பின்னுகிறார்கள். 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாகர்கோவில், இடையன்குடிப் பக்கத்துப் பழைய லேஸ் உங்கள் வீட்டில் இருந்தால் மட்டும் ஒரு நிமிஷம் பொறுங்கள். மிஷனரிக் குடும்பத்துப் பெண்களான மார்த்தா மால்ட்டும் அவர் மகள் எலைசா கால்டுவெல்லும் அங்கே பரப்பியது தலையணைமேல் நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வேறு லேஸ். அதில் நூல்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடும், குரோஷாவில் கண்ணிக்குள் கண்ணி நுழையும். குரோஷா ஊசியோடு அதன்மேல் பாயாதீர்கள். எந்த லேஸாக இருந்தாலும் தண்ணீரில் போடுவதற்கு முன், பக்கத்தில் அளவுகோல் வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள்!