ஊரோடு நின்ற கழகம்: ஏஎப்சி விம்பிள்டன் தரமுயர்ந்த கதை

2011 மே 21, மன்செஸ்டர் நகர மைதானம். தொண்ணூறு நிமிடங்களும் அதன்பின் முப்பது நிமிட மேலதிக நேரமும் முடிந்துவிட்டன. ஒரு கோல்கூட இல்லை. லூட்டன் டவுனுக்கு எதிரான சமநிலை தவிர்ப்பு உதைகளில் ஏஎப்சி விம்பிள்டனின் ஐந்தாவது உதையை எடுக்க அணித்தலைவர் டானி கெட்வெல் நடந்து வருகிறார். பந்து வலைக்குள் போனால் கழகம் இங்கிலாந்தின் தேசிய லீக் அமைப்புக்குள் நுழைந்துவிடும்.

பந்து வலைக்குள் போனது. 4–3.

ஒவ்வொரு மே மாதமும் இங்கிலாந்தில் ஏதோ சில கழகங்கள் தரமுயர்கின்றன. ஆனால் அன்று தரமுயர்ந்த இந்தக் கழகத்துக்கு வயது ஒன்பதுதான். தங்கள் கழகத்தை வேறு நகருக்குத் தூக்கிச் சென்றபோது, பின்தொடர்ந்து போக மறுத்த ஆதரவாளர்கள் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கட்டிய கழகம் அது.

ஏணி எப்படி வேலை செய்கிறது?

இங்கிலாந்தின் உதைபந்தாட்டத்தை ஓர் ஏணியாக எண்ணிக்கொள்ளலாம். உச்சியில் 20 கழகங்கள் கொண்ட பிரீமியர் லீக். அதற்குக் கீழே தலா 24 கழகங்களுடன் சம்பியன்ஷிப், லீக் வன், லீக் டூ. இந்த 92 கழகங்களே நாடறிந்த வட்டம். அதற்கும் கீழே பிராந்திய, மாவட்ட மட்டங்கள் வரை படிகள் இறங்கிக்கொண்டே போகும். வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்களும், சிறு ஊர்களின் அணிகளும் விளையாடுவது அங்கேதான்.

பருவ முடிவில் முன்னணியில் உள்ளவர்கள் ஒரு படி மேலே போவார்கள். கடைசியில் உள்ளவர்கள் ஒரு படி கீழே இறங்குவார்கள். ஐந்தாம் படியிலிருந்து லீக் டூவுக்குப் போவது எப்போதுமே கடினம். அந்தக் காலத்தில் 24 கழகங்களில் இரண்டுக்கு மட்டுமே வழி இருந்தது. முதலிடம் பெறுபவர் நேரடியாகப் போவார். இரண்டாம் இடம் முதல் ஐந்தாம் இடம் வரை வந்த நால்வர் தமக்குள் மோதி ஒருவர் மட்டும் போவார்.

இந்த முறையின் அடிப்படை விதி ஒன்றுதான். மேல்படியிலுள்ள இடத்தை விளையாடித்தான் பெறவேண்டும், பணம் கொடுத்து வாங்க முடியாது. விம்பிள்டன் ஆதரவாளர்களின் கோபம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கழகம் எப்படிப் பறிபோனது?

1889இல் தொடங்கிய விம்பிள்டன் கழகம் நீண்ட காலம் சிறிய லீக்குகளில் விளையாடிய தென்மேற்கு லண்டன் அணி. 1977இல் தேசிய லீக்கிற்குள் வந்தது. ஒன்பதே ஆண்டுகளில், 1986இல், முதற்பிரிவை எட்டியது. 1988 மே 14 அன்று வெம்பிளியில் நடந்த எப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலை 1–0 என வென்றது. கோல் அடித்தவர் லோரி சான்செஸ். லிவர்பூலின் தண்ட உதையைத் தடுத்தவர் பந்துக்காப்பாளர் டேவ் பீசன்ட்.

அடுத்த ஆண்டு ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ஆதரவாளர்கள் இறந்தனர். அந்தத் துயரத்தின் பின், மேற்பிரிவு மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்ற விதி வந்தது. பழைய, சிறிய பிளவ் லேன் மைதானம் அதற்குப் பொருந்தவில்லை. 1991இல் கழகம் அதை விட்டு வெளியேறி, கிறிஸ்டல் பலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்கு இருக்கத் தொடங்கியது. தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொல்லப்பட்டது. திரும்பி வர ஒரு மைதானம் கட்டப்படவே இல்லை.

2000இல் கழகம் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. 2001 ஓகஸ்டில், சுமார் 90 கிலோமீற்றர் தூரத்திலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் கழகத்தைக் கொண்டுசெல்ல உரிமையாளர்கள் முடிவெடுத்தனர். அந்தப் புதிய நகரில் தேசிய லீக் கழகம் எதுவும் இருக்கவில்லை. ஆதரவாளர்கள் எதிர்த்தனர், ஊர்வலம் போனார்கள், கடிதம் எழுதினார்கள். 2002 மே 28 அன்று எப்ஏ நியமித்த மூவர் கொண்ட ஆணைக்குழு இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதி கொடுத்தது. உள்ளூரில் புதிய கழகம் ஒன்றைத் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருந்தது.

ஆதரவாளர்கள் அதைத்தான் செய்தார்கள்.

ஒன்பதாம் படியிலிருந்து

தீர்ப்பு வந்து இரண்டு நாட்களில் கூட்டம் கூடியது. கிறிஸ் ஸ்டுவர்ட் உள்ளிட்ட சில ஆதரவாளர்கள் முன்னின்றார்கள். மேன்முறையீடு, வழக்கு என்று அலைவதை விட ஓர் அணியைத் தொடங்குவோம் என்று முடிவானது. 2002 யூன் மாதம் விம்பிள்டன் கொமன் புல்வெளியில் வீரர்களைத் தெரிவுசெய்தார்கள். தன்னால் விளையாட முடியும் என நம்புபவர் யாரும் வரலாம் என்று அறிவித்தார்கள். 230 பேர் வந்தனர்.

அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒன்பதாம் படி. ஆனால் முதல் பருவத்திலேயே சராசரியாக மூவாயிரம் பேர் ஆட்டம் பார்க்க வந்தனர். ஏழு படிகள் மேலே, செல்ஹர்ஸ்ட் பார்க்கில் இன்னும் விளையாடிக்கொண்டிருந்த பழைய கழகத்துக்கு வந்த கூட்டத்தை விட அது அதிகம். இரண்டாம் பருவத்தில் 46 ஆட்டங்களில் 42 வெற்றி, 4 சமநிலை, தோல்வியே இல்லை. 2003 முதல் 2004 வரை தொடர்ந்து 78 லீக் ஆட்டங்களில் தோற்காமல் இருந்தது இங்கிலாந்தின் சாதனையானது.

உரிமை யாரிடம் என்ற கேள்விக்கு அவர்கள் தொடக்கத்திலேயே விடை எழுதிவைத்தார்கள். கழகத்தின் கட்டுப்பாடு டொன்ஸ் டிரஸ்ட் என்ற ஆதரவாளர் அமைப்பிடம் இருக்கும். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. எவ்வளவு பணம் போட்டார் என்பது கணக்கில் இல்லை. கழகத்தை இன்னொரு முறை யாரும் தூக்கிச் செல்லக்கூடாது என்பதே நோக்கம்.

2010–11 பருவம்

2004, 2005, 2008, 2009 என நான்கு தரமுயர்வுகளுக்குப் பிறகு, முகாமையாளர் டெரி பிரவுணின் கீழ் கழகம் ஐந்தாம் படியில் நின்றது. அந்தப் பருவத்தில் பெருந்தொகை செலவிட்டு வீரர்களை வாங்கிய குரோலி டவுன் 105 புள்ளிகளுடன் முதலிடம் பெற்று நேரடியாக மேலே போனது. விம்பிள்டன் 90 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். 90 புள்ளி எடுத்தும் போதவில்லை. இனி எல்லாம் மூன்று ஆட்டங்களில்.

அரையிறுதியில் பிளீட்வுட் டவுனை வெளியில் 2–0 எனவும், சொந்த மைதானத்தில் 6–1 எனவும் வென்றார்கள். இறுதியில் எதிரே வந்தது லூட்டன். லூட்டனும் காயப்பட்ட கழகம்தான். முன்னைய நிர்வாகங்களின் நிதித் தவறுகளுக்காக 2008–09 பருவத்தில் 30 புள்ளிகள் வெட்டப்பட்டு, லீக்கிலிருந்தே கீழே விழுந்த கழகம் அது. அங்கும் தண்டனையைச் சுமந்தவர்கள் ஆதரவாளர்களே.

வெம்பிளி அந்த மாதம் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதிக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் ஆட்டம் மன்செஸ்டருக்குப் போனது. 18,195 பேர் பார்த்தனர். வழமையான நேரத்தின் இறுதிக் கணங்களில் லூட்டனின் ஜேசன் வோக்கர் தலையால் முட்டிய பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சில அங்குலம் உள்ளே போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பின்னர் சமநிலை தவிர்ப்பு உதைகளில், விம்பிள்டன் ஆதரவாளராகவே வளர்ந்த பந்துக்காப்பாளர் செப் பிரவுண் இரண்டு உதைகளைத் தடுத்தார். அதில் ஒன்று அதே வோக்கருடையது. கடைசியாகக் கெட்வெல் அடித்தார்.

பழைய கழகம் 1977இலிருந்து உச்சிக்குப் போக எடுத்ததும் ஒன்பது ஆண்டுகள். புதிய கழகம் பூச்சியத்திலிருந்து தேசிய லீக்கிற்கு வர எடுத்ததும் ஒன்பது ஆண்டுகள்.

மீண்டும் பிளவ் லேன்

தரமுயர்ந்தாலும் கழகம் இன்னும் கிங்ஸ்டனில்தான் விளையாடியது. விம்பிள்டன் பெயர் இருந்தது, விம்பிள்டனில் மைதானம் இல்லை. பழைய மைதானம் இருந்த நிலத்தில் தொடர்மாடி வீடுகள் வந்துவிட்டன. அதிலிருந்து சில நூறு மீற்றர் தள்ளி, முன்பு நாயோட்டப் பந்தயம் நடந்த இடத்தில் புதிய மைதானம் கட்டும்போது நிதி போதவில்லை. வெளி முதலீட்டாளர்களுக்குப் பங்கு கொடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அதற்குப் பதிலாக ஆதரவாளர்கள் கடன்முறி வெளியிட்டு 50 இலட்சம் பவுணுக்கு மேல் தாங்களே திரட்டினார்கள். 2020 நவம்பர் 3 அன்று புதிய பிளவ் லேனில் முதல் ஆட்டம் நடந்தது. கொரோனாக் கட்டுப்பாட்டால் இருக்கைகள் வெறுமையாக இருந்தன. கட்டியவர்கள் வீட்டிலிருந்து திரையில் பார்த்தார்கள்.

நமக்கு இதில் என்ன?

பிளவ் லேனிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், எஃப்ரா வீதியில், 1981 முதல் கணபதி ஆலயம் இருக்கிறது. விம்பிள்டன், டூட்டிங், மிச்சம் என்று அந்தப் பகுதி முழுவதும் நம்மவர் குடியிருக்கும் இடம். இந்தக் கழகம் வெளியேறியதையும் திரும்பி வந்ததையும் அயலவர்களாக இருந்து பார்த்தவர்களில் ஈழத்தமிழரும் உண்டு.

ஒரு விளையாட்டுக் கழகத்தை இழப்பதும் போரில் வீட்டையும் காணியையும் உறவுகளையும் இழப்பதும் ஒன்றல்ல. அவற்றை ஒரே தராசில் வைக்க எனக்கு விருப்பமில்லை. விம்பிள்டன்காரர் யாரும் உயிருக்கு அஞ்சி ஓடவில்லை. அவர்களுக்குக் கூட்டம் கூடவும், கழகம் பதியவும், நிதி சேர்க்கவும் தடை இருக்கவில்லை. அந்தச் சுதந்திரம் இல்லாமல் இந்தக் கதை நடந்திருக்காது.

ஆனாலும் கவனிக்க ஒன்று உண்டு. மில்டன் கீன்ஸுக்குப் போன கழகம் 1988 கிண்ணத்தின் பிரதியையும் பழைய வரலாற்றுச் சின்னங்களையும் தன்னிடமே வைத்திருந்தது. ஆதரவாளர்கள் புதிய அணியைக் கட்டிக்கொண்டே அவற்றையும் விடாமல் கேட்டார்கள். 2007இல் அவை விம்பிள்டன் அமைந்துள்ள மேர்ட்டன் உள்ளூராட்சி சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. அப்போது அணி தரமுயர இன்னும் நான்கு ஆண்டுகளும், மைதானம் வர பதின்மூன்று ஆண்டுகளும் இருந்தன. முதலில் ஊருக்குத் திரும்பியது வரலாறுதான்.