கை மாறும் பரப்பு

1898-இல் ஜகதீஷ் சந்திர போஸ் சணல் நாரைக் கட்டுகளாக முறுக்கி, அவற்றின் ஊடே மின்காந்த அலைகளைச் செலுத்தினார். ஒரு கையாக, அதாவது ஒரு திசையில், முறுக்கிய கட்டு, அலை அதிரும் தளத்தை ஒரு பக்கம் திருப்பியது. எதிர்க்கையாக முறுக்கியது மறுபக்கம் திருப்பியது. சர்க்கரைக் கரைசல் ஒளிக்குச் செய்வதை வெறும் சணல் இந்த அலைகளுக்குச் செய்துவிட்டது. வேலை செய்தது பொருளின் வேதியியல் அல்ல, அதன் முறுக்கு. இன்றைய கைரல் மெட்டாபரப்புகள், அதாவது இட-வலக் கை வேறுபாடுள்ள நுண்வடிவங்களைப் பதித்து அலையைக் கையாளும் தகடுகள், இந்த உண்மையின் மேல்தான் நிற்கின்றன. நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே கிடக்கும் டெராஹெர்ட்ஸ் அலைகளில், 1 டெராஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய தங்கச் சுருள்களை ஒரு தகட்டில் வரிசையாகப் பதித்தால், அதிர்வு வலப்பக்கமாகச் சுழலும் வலஞ்சுழி அலையும், இடப்பக்கமாகச் சுழலும் இடஞ்சுழி அலையும் அதற்குள் வெவ்வேறு விதமாக நடத்தப்படும்.

ஆனால் ஒரே கையோடு உறைந்துபோன தகட்டால் பாதிப் பயன்தான். வேண்டும்போது கை மாற வேண்டும் என்பதே என் வாதம். தகட்டைப் புரட்டிப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. திருகாணியை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அதன் மரை ஒரே பக்கம்தான் சுற்றும், சுருளும் அப்படியே. சரி, இரண்டு தகடுகளை மாற்றி மாற்றி வைத்தால்? இத்தகடுகளைக் கொண்டு அளக்க விரும்புவது, உயிர் மூலக்கூறுகள் இரு சுழிகளையும் உறிஞ்சுவதில் உள்ள வேறுபாட்டை; அது மிகச் சிறியது. தகட்டை எடுத்து வைக்கும் நேரத்தில் கருவியில் நேரும் சிறு பிசகே அதை மூடிவிடும். ஆகவே வைத்த இடத்திலேயே, விரைவாகக் கை மாற வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 2012-இல் வெளியிட்ட வடிவமைப்பில், தங்கத் துண்டுகளுக்கு இடையே சிலிக்கான் திட்டுகள் இருந்தன. லேசர் பட்டதும் சிலிக்கான் மின்னைக் கடத்தத் தொடங்கும். மின்னோட்டத்தின் வழி மாறும். எந்தப் பாகமும் அசையாமலே கை புரண்டுவிடும். டோக்கியோ ஆய்வாளர்கள் 2015-இல் எடுத்த வழி எனக்கு இன்னும் பிடித்தமானது. தட்டையான நுண்சுருள்களைக் காற்றழுத்தத்தால் மேலே எழுப்பினால் ஒரு கை, கீழே இறக்கினால் மறு கை.

இத்தகைய கை மாறும் தகடுகள் ஒரு குறுகிய அதிர்வெண் பட்டையில்தான் நன்றாக இயங்குகின்றன, உலோகம் அலையின் ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது என்ற குறைகள் நியாயமானவை. நீர் டெராஹெர்ட்ஸைக் கடுமையாக உறிஞ்சுவதால் தடித்த ஈரத் திசுவை ஊடுருவிப் பார்க்கவும் முடியாது. அதனால் மருத்துவமனையில் நாளைக்கே உடலை ஊடுருவிப் பார்க்கலாம் என்று பேசுவதை நான் ஏற்கவில்லை. மெல்லிய, காய்ந்த மாதிரிகள் வேறு கதை. மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு தாளை வெட்டி விரிக்கும் கிரிகாமி முறையில், இழுப்புக்கேற்ப அலையின் சுழியை மாற்றும் தகடுகளைச் செய்தது. 2019-இல் அவற்றைக் கொண்டு இலை, வண்டின் சிறகுறை போன்றவற்றிலேயே சுழி வேறுபாட்டை அளந்து காட்டியது.