மலிவு விலைக் கம்பனியும் மாறாத வாடிக்கைக்காரரும்

ஒரு கடைக்கு நெடுநாள் வாடிக்கையாக இருப்பவர் விலை மலிவு ஒன்றையே கருதி அங்கே செல்வதில்லை. நிறுவை சரியாயிருக்கும், சொன்ன சொல் மாறாது என்னும் நம்பிக்கையே அவரை அக்கடைக்கு இழுத்து வருகின்றது. கண்ணாற் காணாத ஒரு கம்பனியிடம் இத்தகைய வாடிக்கை பூண்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விட்டகலாதிருந்தோரும் உலகில் உளர். அவர்கள் வாங்கியது அரிசியுமன்று, புடைவையுமன்று. பக்கங்களை அமைத்து அச்சுக்குக் கொடுப்பதற்கான கணினி மென்பொருளாகும்.

ஈயவெழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்த காலத்தை முதிய நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வேலையை ஒரு மேசையின்மீது அடக்கிவிடலாம் என்று காட்டிய ஆண்டு 1985 ஆகும். அமெரிக்காவில் அல்டஸ் கம்பனி ‘பேஜ்மேக்கர்’ என்னும் மென்பொருளை அவ்வாண்டில் வெளியிட்டது. அக்கம்பனியைத் தொடங்கிய போல் பிறெயினேர்ட் என்பவரே இத்தொழிலுக்கு ‘மேசைப் பதிப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை வழங்கியவர். ஆனால் மென்பொருளின் விலை 495 டொலர்; அதனோடு சேர்ந்தியங்கிய அப்பிள் லேசர் அச்சுப்பொறியின் விலையோ ஏறக்குறைய 7,000 டொலர். ஒரு சங்கமோ பாடசாலையோ அதனைக் கனவிலும் நினைக்க முடியுமா?

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். அல்டஸ் என்பது ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் நகரத்தில் வாழ்ந்த அல்டஸ் மனூசியஸ் என்னும் அச்சகக்காரரின் பெயர். கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய நூல்களை அச்சிட்டுப் புகழ்பெற்றவர் அவர். அவர் பெயரைச் சூடிக்கொண்ட கம்பனியைவிட, அவர் வழியில் நின்றது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் 1987 இல் தோன்றிய சிறிய கம்பனியொன்றே என்பது நமது கருத்து. அதன் பெயர் செரிப். ஆங்கில எழுத்துக்களின் நுனியிற் காணப்படும் சிறு கோட்டுக்கே அப்பெயர் உரியது.

செரிப் கம்பனி 1990 இல் ‘பேஜ்பிளஸ்’ என்னும் மென்பொருளை விண்டோஸ் கணினிகளுக்கென வெளியிட்டது. விலை நூறு பவுணுக்கும் குறைவு. அதன் பழைய பதிப்புக்களைப் பின்னர் இலவசமாகவும் வழங்கினார்கள். பாடசாலைகள், வீடுகள், சிறு வியாபார நிலையங்கள் ஆகியவற்றை எண்ணியே அது ஆக்கப்பட்டது. பெரிய அச்சகத்தார் அதனைப் பொருட்படுத்தவில்லை. எனினும் ஆண்டுக்கு நான்கு முறை சங்கச் செய்தி மடலைத் தயாரிக்கும் காரியதரிசிக்குப் பெரிய அச்சகத்தாரின் மதிப்பினால் ஆவதென்ன? அவருக்கு வேண்டியது வேலை முடிவதே. முடிந்தது, ஆகவே அடுத்த பதிப்பையும் அவரே வாங்கினார்.

2013 ஆம் ஆண்டில் இத்துறையில் ஒரு பெருமாற்றம் உண்டாயிற்று. அல்டஸ் கம்பனியை 1994 இல் தன்னுடன் சேர்த்துக்கொண்ட அடோபி கம்பனி, இனித் தனது புதிய பதிப்புக்களை ஒரேயடியாக விற்பதில்லை, சந்தாவுக்கே தருவதென்று அறிவித்தது. அதாவது சொந்த வீட்டிலிருந்தவனை வாடகை வீட்டுக்கு மாற்றியதை ஒக்கும். வாடகை நின்றால் கதவு பூட்டப்படும். மறு ஆண்டில் செரிப் கம்பனி ‘அபினிற்றி டிசைனர்’ என்னும் புதிய ஓவிய மென்பொருளை ஏறக்குறைய 50 டொலருக்கு வெளியிட்டு, ஒருமுறை பணம் கட்டினாற் போதும், சந்தா இல்லை என்றது. 2015 இல் அதற்கு அப்பிள் கம்பனியின் வடிவமைப்புப் பரிசும் கிடைத்தது. சந்தாவை வெறுத்தோர் பலர் அப்பக்கம் திரும்பினர்.

புதிய வாடிக்கைக்காரர் குவிந்தபோது பழையவர்கள் நிலை என்னவாயிற்று? இதனை நாம் சற்று விரித்தே சொல்லவேண்டும். அபினிற்றி முதலில் அப்பிள் கணினிகளுக்கே வந்தது. செரிப்பை வாழவைத்த விண்டோஸ்காரர் 2016 வரை காத்திருந்தனர். பேஜ்பிளஸின் கடைசிப் பதிப்பு 2015 இல் வெளிவந்தது. அதற்கு ஈடான ‘அபினிற்றி பப்ளிஷர்’ 2019 இலேதான் கைக்கெட்டியது. அதுவும் வந்தபின் பார்த்தால், பேஜ்பிளஸில் ஆக்கிய கோப்புக்களை அது திறக்கவில்லை! ஒவ்வொன்றையும் பழைய மென்பொருளில் பீடீஎவ் கோப்பாக மாற்றி, அதனைப் புதியதிற் புகுத்தி, குலைந்தவற்றைச் சீர்செய்துகொள்ள வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுச் சஞ்சிகைகளைச் சேர்த்து வைத்தவருக்கு இது எவ்வளவு பெரிய வேலை! கம்பனியும் ஆதாரமின்றி இவ்வாறு செய்யவில்லை. பழைய அத்திவாரத்தின்மேற் புதுமாடி கட்ட முடியாதென்று அடியோடு புதிதாக எழுதினார்கள். நியாயந்தான். ஆனால் அந்நியாயத்தின் செலவைப் பொறுத்துக்கொண்டவர் பழைய வாடிக்கைக்காரரே.

2020 இல் கொள்ளைநோய் பரவியபோது மூன்று மாத காலம் இலவசமாகப் பயன்படுத்த அனுமதித்து, விலையையும் பாதியாகக் குறைத்தார்கள். 2022 இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அப்போது எல்லாருக்கும் ஒரே தள்ளுபடி. எட்டாண்டு வாடிக்கைக்கும் நேற்று வந்தவருக்கும் விலையில் வேற்றுமையில்லை. பழையவர்களுக்குச் சில சித்திரத் தூரிகைகள் முதலியன அன்பளிப்பாகக் கிடைத்தன. முணுமுணுப்பு எழுந்தது. எனினும் அந்த எட்டாண்டுகளிலும் திருத்தங்கள் யாவும் இலவசமாகவே வந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது.

2024 மார்ச் மாதத்தில் சிட்னி நகரத்துக் கன்வா கம்பனி அபினிற்றியை விலைக்கு வாங்கிற்று. அப்போது 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பயன்படுத்தி வந்தனர் எனக் கன்வா கூறியது. சந்தா வந்துவிடுமோ என்ற கலக்கம் உடனே எழுந்தது. ஒருமுறை வாங்கும் உரிமை என்றும் இருக்கும் என எழுத்திலே உறுதி தந்தார்கள். 2025 ஒக்டோபர் 30 இல் நிகழ்ந்ததோ எவரும் எண்ணாதது. மூன்று மென்பொருள்களையும் ஒன்றாக்கி, இலவசம் என்று அறிவித்தார்கள்! செயற்கை நுண்ணறிவு சார்ந்த வசதிகளுக்கு மாத்திரம் கன்வாவின் சந்தா வேண்டும்.

இலவசமாகக் கொடுத்தால் மகிழவேண்டியதன்றோ? மகிழ்ந்தோர் பலர். ஆனால் நெடுநாள் வாடிக்கைக்காரரிற் பலர் முகம் வாடினர். பணம் கொடுத்து வாங்குபவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. இலவசமாகப் பெறுபவன் எதைக் கொண்டு கேட்பான்? விற்பனை நின்றபோது அவர்கள் விரும்பிய உறவும் நின்றுவிட்டது. போதாக்குறைக்கு, புதியதில் ஆக்கும் கோப்பு பழைய இரண்டாம் பதிப்பில் திறவாது. ஆதலின் உள்ளே புகுந்தவர் திரும்புதல் எளிதன்று. அவர்களது மனக்குறையை நன்றிகெட்டதனம் என்று சொல்ல நாம் ஒருப்படமாட்டோம்.

நம்மவரிற் பலரும் இந்த இலவசத்தை நாடுவர், சிறப்பாக மாணவர். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். அபினிற்றியின் முதலிரு பதிப்புக்களும் தமிழைச் சரியாக எழுதவில்லை. யூனிகோட் முறையில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறி மெய்யெழுத்துக்குப் பின்னாற் சேமிக்கப்படும். திரையிற் காட்டும்போது கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது மென்பொருளின் கடமை. அதனை அப்பதிப்புக்கள் செய்யவில்லை. பார்வைக்கேற்ற வரிசையில் தட்டும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைக் கொண்டே சமாளிக்க நேர்ந்தது. ஆகவே புதியதைப் பெறுவோர் பாடசாலைச் சஞ்சிகையைத் தொடங்குமுன் ‘கொக்கு’ என்று ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும். முடித்த வேலை ஒவ்வொன்றுக்கும் பீடீஎவ் பிரதியொன்றையும் எடுத்து வைக்கட்டும். பேஜ்பிளஸ்காரர் பலருக்குக் கடைசியிற் கைகொடுத்தது அதுவே.