மூன்று வாரம் உடன் வரும் குரல்கள்

இதய மறுவாழ்வுப் பிரிவுக்கு வருவோர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் பாதி மருந்தைப் பற்றியவை. மீதி நேரத்தைப் பற்றியவை. "நாள்தோறும் நாற்பது நிமிடம் நடக்கச் சொல்கிறீர்கள், அலுப்புத் தட்டாமல் எப்படி நடப்பது?" என்பார்கள். பாட்டுக் கேளுங்கள் என்பதே இதுவரை எங்கள் விடையாக இருந்தது. அதைவிட நல்ல விடையைச் சொன்னவர் ஒரு நோயாளிதான்.

மாரடைப்புக்குப் பின் மார்பில் அதிர்வுக் கருவி பொருத்தப்பட்டவர் அவர். ஒரு காதில் மட்டும் கருவியைச் செருகிக்கொண்டு தாமாகச் சிரித்தபடி நடப்பார். என்ன கேட்கிறீர்கள் என்றதற்கு, "சைக்கிள் பந்தயப் பேச்சு, டாக்டர்" என்றார். ஆங்கிலத்தில் வரும் 'தி சைக்கிளிங் பாட்காஸ்ட்' என்னும் வலையொலி அது. சந்தா கட்டிப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறாராம். பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தாலும் பேச்சைக் கேட்காவிட்டால் அன்றைய பந்தயம் முடிந்ததாகவே தமக்குத் தோன்றாது என்றார்.

அவர் சொல்லித்தான் நாங்களும் கேட்கத் தொடங்கினோம். ரிச்சர்ட் மூர், லயனல் பர்னி, டேனியல் ஃப்ரீப் என்னும் மூன்று விளையாட்டு எழுத்தாளர்கள் 2013இல் தொடங்கியது அது. 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தின் நூறாவது பதிப்பு நடந்த ஆண்டும் அதுவே. அப்பந்தயம் ஜூலையில் மூன்று வாரம் நடைபெறும். 21 கட்டங்கள், இடையே இரண்டு ஓய்வு நாள்கள், மொத்தம் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். மே மாதத்தில் இத்தாலியிலும் கோடை முடிவில் ஸ்பெயினிலும் இத்தகைய மூன்று வாரப் பந்தயங்கள் உண்டு. மூவரும் பந்தயத்தின் பின்னாலேயே காரில் செல்வார்கள். மாலையில் கிடைத்த இடத்தில் அமர்ந்து அன்றைய நிகழ்வைப் பேசிப் பதிவு செய்வார்கள். யார் வென்றார் என்பதோடு, தங்கும் விடுதி எவ்வளவு தொலைவு, இரவு உணவு கிடைக்குமா என்பதும் பேச்சில் வரும். வீண் பேச்சு என்று முதலில் எங்களுக்குத் தோன்றியது. ஒரு வாரம் கேட்ட பிறகு அந்த உணவுப் பேச்சுக்கே காத்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாலைப் பந்தயம் பேச்சுக்கு ஏற்ற விளையாட்டு. ஒரு கட்டம் நான்கைந்து மணி நேரம் நீளும். அதில் பெரும்பகுதி, பார்ப்பவருக்கு ஒன்றுமே நடவாதது போலிருக்கும். அணித் தலைவரைக் காற்று தாக்காமல் மறைத்துக்கொண்டு முன்னே செல்பவர், தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து வருபவர் ஆகியோரின் உழைப்பு இறுதிக் கோட்டில் தெரிவதில்லை. அதை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். அன்றாட நிகழ்ச்சியை எவரும் இலவசமாகக் கேட்கலாம். விளம்பரதாரர் துணையால் அது நடக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டும் 'நண்பர்'களுக்குச் சிறப்புத் தொடர்கள் உண்டு. இலவசமாகவே இவ்வளவு கிடைக்கும்போது பணம் ஏன் கட்ட வேண்டும் என்று எங்கள் நோயாளியைக் கேட்டோம். "வீட்டுக்கு வந்து போகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புவோமா?" என்றார்.

அக்குரல்களுள் ஒன்று 2022 மார்ச் 28 அன்று நின்றுபோனது. ரிச்சர்ட் மூர் தமது 48ஆம் வயதில் மறைந்தார். ஸ்காட்லாந்துக்காரர், 1998இல் கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் போட்டியில் தம் நாட்டுக்காகச் சைக்கிள் ஓட்டியவர், பின்னர் எழுத்துக்கு வந்து, ராபர்ட் மில்லர் என்னும் வீரரைப் பற்றிய நூலால் பெயர் பெற்றவர். "நேரில் கண்டதே இல்லை, டாக்டர். ஆனாலும் அன்று நான் நடக்கப் போகவில்லை" என்றார் எங்கள் நோயாளி. இத்தகைய துயரத்தை வீட்டார் பொருட்படுத்துவதில்லை. மருத்துவர்களும் கேட்டு அறிவதில்லை. கேட்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறோம். எஞ்சிய இருவரும் நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார்கள். அவரும் நடைக்குத் திரும்பினார்.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, மார்ச் 21 அன்று, சைக்கிள் உலகில் நிகழ்ந்த மற்றொன்றையும் அவர் அடிக்கடி எடுப்பார். ஸ்பெயினின் கட்டலோனியாப் பந்தயத்தில் முதற்கட்டத்தை இரண்டாமவராக முடித்த இத்தாலிய வீரர் சோனி கோல்பிரெல்லி, கோட்டைக் கடந்த சிறிது நேரத்தில் நினைவிழந்து சரிந்தார். அப்போது அவருக்கு வயது 31. முந்தைய அக்டோபரில்தான் சேறும் மழையுமாக நடந்த பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றிருந்தார். அவருக்கு நேர்ந்தது இதய நிறுத்தம். இதை மாரடைப்போடு குழப்பிக்கொள்ளலாகாது. மாரடைப்பில் இரத்தக் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு வலியில் துடிப்பார். இதய நிறுத்தத்தில் துடிப்பின் மின்னொழுங்கு சிதறி, இதயம் இரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்குகிறது. நொடிகளில் நினைவு போய்விடும். உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டைப் பறித்துவிடும். கோல்பிரெல்லிக்கு அங்கேயே மார்பை அழுத்தினார்கள்; அதிர்வுக் கருவியைப் பயன்படுத்தினார்கள்; அவர் பிழைத்தார்.

ஆகவே, நோயாளியின் குடும்பத்தார் ஒருவரேனும் மார்பழுத்தம் கற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஒருவர் நினைவிழந்து, இயல்பாக மூச்சுவிடாமல் கிடந்தால் உடனே 108ஐ அழைக்கச் செய்து, மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். விலா எலும்பு முறியுமோ என்று அஞ்சிக் கைகட்டி நிற்பதைவிட முறிவது மேல்.

கோல்பிரெல்லிக்குப் பின்னர் தோலுக்கடியில் அதிர்வுக் கருவி பொருத்தப்பட்டது. அக்கருவியோடு போட்டியிட இத்தாலிய விதிகள் இடந்தராமையால், அவ்வாண்டு நவம்பரில் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அச்செய்தியை வைத்துத்தான் எங்கள் நோயாளி கேட்டார்: "அவருக்கே இல்லையென்றால் எனக்குச் சைக்கிள் கிடையாதா?"

போட்டி வேறு, பயிற்சி வேறு என்று விளக்கினோம். ஓட்ட எந்திரத்தில் சோதித்துப் பார்த்து, கருவி அதிர்ச்சி தருவதற்காகக் குறித்து வைக்கப்பட்ட துடிப்பு வேகத்தைவிட 10 முதல் 20 துடிப்பு குறைவாகவே இதயம் ஓடுமாறு எல்லை வகுத்தோம். போக்குவரத்துச் சாலையும் தனியே செல்வதும் கூடாது. முதலில் நிலைச் சைக்கிள் போதும். அளவை அறிய எளிய வழியும் உண்டு: பயிற்சியின்போது தொடர்ந்து பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை. பேச்சே தடைப்பட்டால் மிகுதி.

சாலையோரம் நடப்பவர்கள் அவரைப் போல ஒரு காதைத் திறந்தே வைத்திருங்கள். வேறு மொழியில் கேட்பவர்கள் தங்களுக்குப் பிடித்த தொடரைத் தேடிக்கொள்ளலாம். நாள்தோறும் அல்லது வாரந்தோறும் தவறாது வருவதாக இருந்தால் நல்லது.

இப்போது அவர் பயிற்சிக் கூடத்தில் நிலைச் சைக்கிளில் இருபது நிமிடம் மிதிக்கிறார். பந்தயக் காலத்தில் பக்கத்து எந்திரத்தில் இருப்பவருக்கு அன்றைய கட்டத்தை மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே மிதிப்பார். எங்கள் இயன்முறை மருத்துவர் அவருடைய துடிப்பை எழுதிக்கொண்டு, நேற்று மலைமேல் முதலில் ஏறியது யார் என்று கேட்கிறார்.